ஃபிஷரின் சுங்கானும் உங்கள் சிகரெட்டும்

டெல்டா மாவட்டம் ஒன்றிலிருந்து 61 வயது வாசகர் ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. முப்பத்தோரு ஆண்டுகள் கல்லூரியில் புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். 24 வயதில் தொடங்கிய சிகரெட் பழக்கம் நாளுக்குப் பத்து என்ற கணக்கில் நீடித்தது. ஆறு மாதமாக நான்காகக் குறைத்திருக்கிறார். இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறார். காலை வேளையில் இருமலும் சளியும் உண்டு. அதை வயதின் கணக்கில் எழுதிவிட்டார். மருமகள் கருவுற்றிருக்கிறார். "பேரப்பிள்ளையைத் தூக்க வேண்டுமானால் சிகரெட்டை விடுங்கள் அப்பா" என்று மகன் சொன்ன நாளிலிருந்து வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது.

அவருடைய வாதம் இது: "ஒட்டுறவு, அதாவது இரண்டு சேர்ந்தே கூடுவதும் குறைவதும், காரணமாகாது என்று கரும்பலகையில் எத்தனை முறை எழுதினேன் என்பதற்குக் கணக்கில்லை. ஆடி மாதத்தில் துணிக்கடைத் தள்ளுபடியும் கூடுகிறது, காவிரியில் தண்ணீரும் கூடுகிறது. அதற்காகத் துணிக்கடைக்காரர்தான் மேட்டூர் அணையைத் திறந்தார் என்று சொல்வோமா? புகைப்பவர்களுக்குப் புற்றுநோய் அதிகம் என்பதும் அப்படி ஓர் ஒட்டுறவுதான். நவீனப் புள்ளியியலின் தந்தை ரொனால்ட் ஃபிஷரே இதை ஏற்கவில்லை. மனிதர்களைச் சமவாய்ப்பு முறையில், அதாவது குலுக்கிப் போட்டு, இரண்டாகப் பிரித்து ஒரு பாதியினரைப் புகைக்கச் சொல்லி யாரும் சோதிக்கவில்லை. என் தாத்தா சுருட்டுப் பிடித்தே 91 வயது வரை இருந்தார். என் நண்பரோ சிகரெட்டை நிறுத்திய எட்டாம் மாதம் இறந்துபோனார். புகையே பிடிக்காத எதிர்வீட்டு அம்மாளுக்கு நுரையீரல் புற்றுநோய். டாக்டர், நீங்கள் எனக்கு இதை நிரூபிக்க முடியுமா?"

அன்புள்ள ஐயா,

நுரையீரல் மருத்துவனாக இருபதாண்டுகளுக்கு மேல் பணிபுரியும் எனக்கு, சிகரெட்டுக்கு ஆதரவாக வரும் வாதங்கள் பெரும்பாலும் பழகியவைதான். உங்களுடையது வேறு வகை. நீங்கள் சொல்லும் விதி உண்மையானது. அதைப் பயன்படுத்திய இடத்தில்தான் எனக்குக் கருத்து வேறுபாடு. ஆகவே "புகை உடலுக்குக் கேடு" என்று பாக்கெட்டின் மேல் அச்சிட்டிருப்பதைத் திரும்பச் சொல்லாமல், உங்கள் துறையின் மொழியிலேயே பேச முயல்கிறேன்.

உங்கள் ஐயத்தின் பக்கம் நிற்கும் நிகழ்ச்சி ஒன்றை முதலில் நானே சொல்லிவிடுகிறேன். மாதவிடாய் நின்ற பெண்களில் ஹார்மோன் மாத்திரை எடுத்துக்கொண்டவர்களுக்கு மாரடைப்பு குறைவாக வருகிறது என்று 1980-களிலும் 90-களிலும் வந்த பல கண்காணிப்பு ஆய்வுகள் காட்டின. சில ஆய்வுகளில் ஆபத்து ஏறத்தாழப் பாதியாகத் தெரிந்தது. மருத்துவர்கள் நம்பினோம், இதயத்தைக் காக்கும் என்று சொல்லியே எழுதிக் கொடுத்தோம். அமெரிக்காவில் 16,608 பெண்களைச் சமவாய்ப்பு முறையில் பிரித்துச் செய்த சோதனையின் முடிவு 2002 ஜூலையில் வந்தபோது, மாத்திரை எடுத்தவர்களுக்கு மாரடைப்பு குறையவில்லை, சற்றுக் கூடியிருந்தது. சோதனையையே இடையில் நிறுத்த வேண்டியதாயிற்று. மாத்திரை எடுத்துக்கொண்ட பெண்கள் பொதுவாக வசதியும் படிப்பும் உடையவர்கள், உடலைப் பேணுபவர்கள். இதயத்தைக் காத்தது பெருமளவு அந்த வாழ்க்கைதான் போலும். உங்கள் ஆடித் தள்ளுபடி எடுத்துக்காட்டு மருத்துவர்களான எங்கள் தலையிலேயே விழுந்த நாள் அது.

அப்படியானால் சிகரெட்டும் ஏன் அதே வரிசையில் நிற்கக் கூடாது என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அது 1957-இலேயே கேட்கப்பட்டுவிட்டது, விடையும் வந்துவிட்டது. நீங்கள் கேள்வியோடு நின்றுவிட்டீர்கள் என்பதே என் வருத்தம்.

ஃபிஷர் கேட்டதும் கிடைத்த விடையும்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர்கள் 1922-இல் 612 பேர். 1947-இல் 9,287 பேர். இந்த ஏற்றத்தின் காரணத்தைத் தேடப் புறப்பட்ட பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் ரிச்சர்ட் டால், முதலில் சந்தேகித்தது சாலையில் போடும் தாரையும் வாகனப் புகையையும்தான். அப்போது அவரும் சிகரெட் பிடிப்பவர். புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில்லுடன் சேர்ந்து லண்டன் மருத்துவமனைகளில் நுரையீரல் புற்றுநோயாளிகளையும் பிற நோயாளிகளையும் ஒப்பிட்டு, 1950-இல் முடிவை வெளியிட்டார். புற்றுநோய் வந்த 649 ஆண்களில் புகைக்காதவர் இருவர். ஒப்பீட்டுக்கு எடுத்த 649 ஆண்களில் 27 பேர். ஆய்வு முடிவதற்குள்ளாகவே டால் தம் சிகரெட்டை விட்டுவிட்டார்.

சுங்கானை (புகைக்குழாயை) வாயிலிருந்து எடுக்காத ஃபிஷர் இதை ஏற்கவில்லை. புகைக்கும் ஆசையையும் புற்றுநோயையும் ஒரே பரம்பரைக் கூறு தூண்டலாம் என்றார். நோயின் தொடக்கநிலை எரிச்சலே மனிதரைப் புகைக்கத் தூண்டியிருக்கலாம் என்றும் சொன்னார். ஒரே கருவில் பிறந்த இரட்டையர்களின் புகைப்பழக்கம் பெரும்பாலும் ஒத்திருப்பதைத் தம் வாதத்துக்குச் சான்றாகக் காட்டினார். அவர் அப்போது புகையிலை உற்பத்தியாளர்களின் அமைப்புக்கு ஆலோசகராக இருந்தார் என்பது உண்மை. ஆனால் ஒருவர் யாரிடம் ஊதியம் வாங்குகிறார் என்பதைக் கொண்டு வாதத்தைத் தள்ளிவிட முடியாது. வாதத்தை வாதமாகவே பார்ப்போம்.

1959-இல் அமெரிக்கப் புள்ளியியலாளர் ஜெரோம் கார்ன்ஃபீல்டும் உடன் ஆய்ந்தவர்களும் எழுதிய விடையை உங்கள் மாணவர்களுக்கு நீங்கள் நடத்தியிருந்தால் மகிழ்ந்திருப்பேன். புகைப்பவர்களுக்கு நோய் ஒன்பது மடங்கு அதிகம் என்று வைத்துக்கொள்வோம். அதற்குச் சிகரெட் காரணமே இல்லை, மறைந்திருக்கும் ஒரு கூறுதான் முழுக் காரணம் என்றால், அந்தக் கூறு புகைக்காதவர்களிடம் இருப்பதைவிடப் புகைப்பவர்களிடம் குறைந்தது ஒன்பது மடங்கு பரவலாக இருந்தாக வேண்டும். புகைக்காதவர்களில் நூற்றுக்கு 20 பேரிடம் அது இருந்தால், புகைப்பவர்களில் நூற்றுக்கு 180 பேரிடம் இருக்க வேண்டும். நூறு பேரில் நூற்றெண்பது பேர்! ஹார்மோன் மாத்திரைக்கும் சிகரெட்டுக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தெரிகிறது. இரண்டு மடங்கு வேறுபாட்டை வசதியும் படிப்பும் சேர்ந்து உண்டாக்கிவிடலாம். ஒன்பது மடங்கை உண்டாக்க எந்த மூன்றாம் காரணிக்கும் அவ்வளவு எளிதில் வலுப் போதாது.

பரம்பரைக் கூறு ஒரே தலைமுறையில் மாறுவதில்லை. 612 என்ற எண் இருபத்தைந்து ஆண்டுகளில் 9,287 ஆனதற்கு அது எப்படிப் பொறுப்பேற்கும்? நோயறியும் முறை மேம்பட்டதற்கு இதில் ஒரு பங்கு உண்டு. முழுப் பங்கு இல்லை. பெண்கள் ஆண்களுக்குப் பின்னால் புகைக்கத் தொடங்கிய நாடுகளில் அவர்களுடைய புற்றுநோய் வரைபடமும் அதே அளவு பின்னால் ஏறியது. அமெரிக்கப் பெண்களிடையே நுரையீரல் புற்றுநோய் மரணம் மார்பகப் புற்றுநோய் மரணத்தைத் தாண்டியது 1987-இல். ஃபிஷர் சாட்சிக்கு அழைத்த இரட்டையர்களோ பின்னாளில் கட்சி மாறிவிட்டார்கள். ஒருவர் புகைத்து மற்றவர் புகைக்காத இரட்டையர்களைப் பின்லாந்தில் தொடர்ந்து பார்த்தபோது, ஒரே பரம்பரைக் கூறுகள் கொண்ட இணைகளிலும் புகைத்தவரே முந்தி இறந்தது அதிகம்.

ஃபிஷருக்கு உரிய மதிப்பையும் கொடுத்துவிட வேண்டும். நிகோட்டின் அடிமைத்தனத்தோடும் நுரையீரல் புற்றுநோயோடும் தொடர்புடைய மரபணுப் பகுதி ஒன்று 15-ஆவது குரோமோசோமில் இருப்பது 2008-இல் உண்மையாகவே கண்டறியப்பட்டது. ஆனால் அது கூட்டும் ஆபத்து, பெற்றோரிடமிருந்து வரும் அந்த மரபணு வடிவின் ஒரு பிரதிக்கு ஏறத்தாழ 30 சதவீதம். ஒன்பது மடங்கின் அருகில்கூட வராது. மறுபுறம், புகையில் உள்ள பென்சோபைரீன் என்ற வேதிப்பொருள் உடலுக்குள் மாற்றமடைந்து, புற்றுநோயைத் தடுக்கும் பி53 மரபணுவில் ஒட்டிக்கொள்ளும் புள்ளிகள், நுரையீரல் கட்டிகளில் அந்த மரபணு சிதைந்திருக்கும் அதே புள்ளிகள்தாம் என்று 1996-இல் காட்டப்பட்டது. அணையைத் திறந்த கையின் ரேகை மதகிலேயே பதிந்திருப்பது போன்றது இது.

சமவாய்ப்புச் சோதனை இல்லை என்பது

புகைக்கச் சொல்லி யாரையும் சோதிக்கவில்லை என்பது சரி. அது கொலைக்குச் சமம் என்பதால் செய்ய முடியாது. ஆனால் நிறுத்தச் சொல்லிச் சோதிக்கலாம் அல்லவா? அமெரிக்காவிலும் கனடாவிலும், மூச்சுக்குழாய் அடைப்பு தொடங்கியிருந்த 5,887 புகைப்பவர்களைச் சமவாய்ப்பு முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் புகையை நிறுத்தத் தீவிர உதவி அளித்தார்கள். உதவி பெற்றவர்களில் நிலையாக நிறுத்தியவர்கள் ஏறத்தாழ 22 சதவீதம்தான். மற்றவர்களில் 5 சதவீதம். அவ்வளவு சிறிய வேறுபாட்டுக்கே, பதினான்கரை ஆண்டுகள் கழித்து எண்ணியபோது, ஆயிரம் பேருக்கு ஆண்டொன்றுக்கு 10.38 ஆக இருந்த மரணம் உதவி பெற்ற அணியில் 8.83 ஆக இருந்தது. எந்த அணியில் யார் என்பதைத் தீர்மானித்தது குலுக்கல். அங்கே பரம்பரைக் கூறுக்கு வேலை இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சமவாய்ப்புச் சோதனையை மருத்துவத்தில் நிலைநாட்டியவர்களில் ஒருவரே பிராட்ஃபோர்ட் ஹில்; 1948-இல் வெளியான காசநோய்க்கான ஸ்ட்ரெப்டோமைசின் சோதனையை வடிவமைத்தவர் அவர். அந்தச் சோதனை இல்லாத இடத்தில் என்ன செய்வது என்பதையும் அவரே 1965-இல் ஒன்பது கோணங்களாக வகுத்துச் சொன்னார்: தொடர்பு எவ்வளவு வலுவானது, வெவ்வேறு இடங்களில் மீண்டும் கிடைக்கிறதா, காரணம் விளைவுக்கு முந்தி வருகிறதா, அளவு கூடக் கூட நோய் கூடுகிறதா என்பன அவற்றுள் சில. இவற்றில் எதுவும் தனியாக நிரூபணம் ஆகாது என்றும் அவர் எச்சரித்தார். நீங்கள் என்னிடம் கேட்கும் நிரூபணம் கணிதத் தேற்றத்தின் நிரூபணம் என்றால், அது மருத்துவத்தில் எந்த மருந்துக்கும் கிடையாது. நீங்கள் நாள்தோறும் விழுங்கும் இரத்தக் கொதிப்பு மாத்திரைக்கும் கிடையாது.

தாத்தாவும் நண்பரும் எதிர்வீட்டு அம்மாளும்

இந்த இடத்தில் உங்களோடு சற்றுச் சண்டை போட வேண்டியிருக்கிறது. ஒட்டுறவையே காரணமாக ஏற்காத நீங்கள், ஒட்டுறவுகூட ஆகாத தனிமனிதர் மூவரைச் சான்றாகக் கொண்டுவந்திருக்கிறீர்கள்.

பிரிட்டனில் 34,439 ஆண் மருத்துவர்களை 1951 முதல் ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். 1920-களில் பிறந்தவர்களில், 35 வயதுக்கும் 69 வயதுக்கும் இடையில் இறக்கும் வாய்ப்பு, சிகரெட் புகைத்தவர்களுக்கு 43 சதவீதம். புகைக்காதவர்களுக்கு 15 சதவீதம். அதாவது புகைத்தவர்களிலும் நூற்றுக்கு 57 பேர் எழுபதைத் தொட்டிருக்கிறார்கள். உங்கள் தாத்தாவைப் போன்றோர் இருக்கத்தான் செய்வார்கள். அவர்களும் அந்தக் கணக்குக்குள் அடக்கம். ஐம்பதில் இறந்துபோன சுருட்டுக்காரர்கள் யாருடைய நினைவிலும் தாத்தாவாக நிற்பதில்லை என்பதையும் சேர்த்து எண்ணுங்கள்.

நண்பரின் மறைவுக்கு என் ஆழ்ந்த வருத்தம். அவர் ஏன் நிறுத்தினார் என்று வீட்டாரிடம் கேட்டுப் பாருங்கள். முப்பது ஆண்டுப் பழக்கத்தை ஒருவர் திடீரென்று விடுவதற்கு மிகவும் பொதுவான காரணங்களில் ஒன்று, உடல் அவருக்கு ஏதோ சொல்லத் தொடங்கியிருப்பது: இருமலில் இரத்தம், நெஞ்சில் இறுக்கம், மெலிவு. அப்படியானால் நிறுத்தியதால் நோய் வரவில்லை. நோய் வந்ததால் நிறுத்தினார். காரணமும் விளைவும் இடம் மாறிய இந்தச் சிக்கல் ஆய்வாளர்கள் நன்கு அறிந்ததுதான். நிறுத்திய முதல் சில ஆண்டுகளின் மரணங்களை அவர்கள் தனியே பிரித்துப் பார்ப்பது இதற்காகவே.

எதிர்வீட்டு அம்மாளின் நோய்க்குச் சிகரெட் தவிர வேறு காரணம் இருக்கலாம். நுரையீரல் புற்றுநோய்க்கு ஒரே காரணம்தான் என்று யாரும் சொல்லவில்லை. காற்று மாசு புற்றுநோயை உண்டாக்கும் என்பது 2013-இல் உலக அளவில் ஏற்கப்பட்டது. ஆனால் அவருடைய கணவர் புகைப்பவரா? ஜப்பானில் புகைக்காத 91,540 மனைவியரைக் கவனித்த ஆய்வின் முடிவை 1981-இல் தகேஷி ஹிராயாமா வெளியிட்டார். கணவர் எவ்வளவு அதிகம் புகைத்தாரோ, அவ்வளவுக்கு மனைவியின் நுரையீரல் புற்றுநோய் மரணமும் கூடியிருந்தது. நீங்கள் கடிதத்தில் ஓர் இடத்திலும் குறிப்பிடாத உங்கள் துணைவியார் பற்றி இந்த இடத்தில்தான் எனக்கு நினைவு வந்தது.

இனி என்ன செய்யலாம்

உங்கள் உடலைப் பற்றிய முடிவு உங்களுடையது. அதில் எனக்கோ மகனுக்கோ ஆணையிடும் உரிமை இல்லை. 2003-ஆம் ஆண்டின் புகையிலைச் சட்டம் பொது இடங்களில் புகைப்பதைத் தடுக்கிறது, வீட்டுக்குள் நுழைவதில்லை. ஆனால் பச்சிளம் குழந்தைக்காக மகன் பேசுவது வேறு தளம். புகை படியும் வீட்டில் வளரும் குழந்தைகளுக்கு நிமோனியாவும் காதில் சீழும் இளைப்பும் கூடுதலாக வருகின்றன. உறக்கத்தில் திடீரென இறக்கும் ஆபத்தும் உயர்கிறது. அவர் கேட்பதை மிரட்டலாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பத்தை நான்காக்கியது மனஉறுதியைக் காட்டுகிறது. ஆனால் ஆபத்தும் அதே விகிதத்தில் குறைந்திருக்கும் என்று கருதினால் அது தவறு. நாளுக்கு இருபது புகைக்கும் ஆணுக்குள்ள கூடுதல் மாரடைப்பு ஆபத்தில் ஏறத்தாழப் பாதி, நாளுக்கு ஒன்றே ஒன்று புகைப்பவருக்கும் இருக்கிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான கட்டுரை காட்டுகிறது. இதயத்தைப் பொறுத்தவரை இந்தக் கோடு நேர்கோடு அல்ல. இரத்தக் கொதிப்பு உள்ள உங்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். நிறுத்தினால் கிடைப்பதையும் அந்தப் பிரிட்டிஷ் மருத்துவர்கள் ஆய்வே சொல்கிறது: 30 வயதில் நிறுத்தியவர் ஏறத்தாழ 10 ஆண்டு ஆயுளை மீட்டார், 40-இல் 9, 50-இல் 6, அறுபதில் 3. உங்கள் வயதுக்கு உரியது கடைசி எண். பேரப்பிள்ளை பள்ளியில் சேரும் நாளுக்கும் சேராத நாளுக்கும் இடையே அது நிற்கக்கூடும். சராசரி என்பதால் கூடவும் குறையவும் செய்யும்.

நிறுத்துவதற்கு மனஉறுதியை மட்டும் நம்ப வேண்டியதில்லை. நிகோட்டின் சூயிங்கமும் தோலில் ஒட்டும் பட்டையும் உண்டு. சூயிங்கத்தைச் சாதாரண மிட்டாய் போல மெல்லாமல், காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். மெல்வதற்கு முன் கால் மணி நேரம் காபி கூடாது, ஏனெனில் நிகோட்டின் வாயில் உறிஞ்சப்படுவதை அது கெடுக்கும். வரெனிக்லின், புப்ரோபியான் ஆகிய மாத்திரைகளை மருத்துவர் எழுதித்தான் வாங்க வேண்டும். முன்னதற்குச் சிறுநீரகச் செயல்பாட்டையும், பின்னதற்கு வலிப்பு வந்ததுண்டா என்பதையும் பார்க்க வேண்டும். பின்னது இரத்த அழுத்தத்தையும் ஏற்றக்கூடும். மின்சிகரெட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 2019 முதல் இந்தியாவில் அதன் விற்பனைக்குத் தடை இருக்கிறது, நானும் அதைப் பரிந்துரைப்பதில்லை. தேசியப் புகையிலை விடுப்பு உதவி எண் 1800-11-2356 கட்டணமில்லாதது.

காலை இருமலை வயதின் கணக்கில் எழுதியதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். சென்னையிலும் விழுப்புரம் பகுதியிலும் இறந்த 43,000 ஆண்களையும் உயிரோடு இருந்த 35,000 பேரையும் ஒப்பிட்டு 2003-இல் வெளியான ஆய்வில், புகைத்தவர்கள் காசநோயால் இறக்கும் ஆபத்து நான்கு மடங்குக்கு மேல் இருந்தது. ஆகவே முதலில் சளிப் பரிசோதனையும் மார்பு எக்ஸ்ரேயும். அடுத்து, மூச்சுக்குழாய் அடைப்பை அளக்கும் ஸ்பைரோமெட்ரி. சளியில் இரத்தம், எடை குறைவு, மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மல் இவற்றில் ஏதேனும் இருந்தால் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம்.

புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் குறைந்த கதிர்வீச்சு சி.டி. ஸ்கேன் உங்களுக்குத் தேவையா என்பதும் ஒரு கணக்குதான். அமெரிக்கப் பரிந்துரை 50 முதல் 80 வயது வரை, இருபது 'பாக்கெட் ஆண்டு' (நாளுக்கு ஒரு பாக்கெட் வீதம் ஓராண்டு புகைப்பது ஒரு பாக்கெட் ஆண்டு) புகைத்தவர்களுக்கு; அங்கே பாக்கெட் என்றால் இருபது சிகரெட், நம் கடைகளில் கிடைக்கும் பத்து அல்ல. நாளுக்குப் பத்து வீதம் முப்பத்தேழு ஆண்டு என்றால் உங்கள் கணக்கு 18.5, குறைத்த ஆறு மாதத்தைக் கழித்தால் இன்னும் சற்றுக் குறையும். எல்லைக்கு இந்தப் பக்கம், ஆனால் மிக அருகில். நம் நாட்டில் பழைய காசநோய்த் தழும்புகள் கட்டி போலத் தோன்றி வீண் பயத்தையும் தேவையற்ற ஊசிப் பரிசோதனையையும் கொண்டுவருவதால், எக்ஸ்ரேயைப் பார்த்த பிறகே இதைப் பற்றி முடிவு செய்வோம்.

ஸ்பைரோமெட்ரிக்குச் செல்லும் காலையில் சிகரெட் பிடிக்காமல் செல்லுங்கள். குறைந்தது ஒரு மணி நேர இடைவெளியாவது வேண்டும். அறிக்கையில் இரண்டு எண்களின் விகிதம் ஒன்று இருக்கும்: முதல் நொடியில் ஊதிய காற்று, மொத்தமாக ஊதிய காற்று. மருந்து உள்ளிழுத்த பிறகும் அது 0.70-க்குக் கீழே இருந்தால் உங்கள் மருத்துவரிடம் காட்டும் வரை காத்திராமல் எனக்கு எழுதுங்கள்.